வலது கண்ணில் சம்பந்தி

காராச்சேவுக் கடை சொர்ணத்தாயின் வலது கண்ணில் அவளுடைய சம்பந்தி ஆவுடையப்பன் பார்ப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்ததும், ஆவுடையப்பனின் வலது கண்ணில் சொர்ணத்தாய் பார்ப்பதெல்லாம் தெரிய ஆரம்பித்ததும் ஒரே நாளில், ஒரே வார்டில், அடுத்தடுத்த கட்டிலில் வைத்துத்தான் நடந்தது. இதில் சித்திரங்குளத்துக்காரர்கள் யாரும் பெரிதாக வியந்துபோய்விடவில்லை. அந்த இரண்டு பேரும் கண்ணில் புரை எடுக்க ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், போன வழியில் அடிதடி நடக்கவில்லை என்பதுதான் அவர்களுக்கு வியப்பாக இருந்தது.

ஏனென்றால் சொர்ணத்தாயின் ஒரே மகள் கோமதியை ஆவுடையப்பன் மகன் சுடலைமணிக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே, தாலி கட்டிய ஈரம் காய்வதற்குள், மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்த பந்தியில் பாயசம் தீர்ந்துபோனது. அரசு பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்து, ஊரையே முன்னால் போ, பின்னால் தள்ளு என்று ஆட்டிவைத்துப் பழகிய ஆவுடையப்பன் பாதி இலையில் எழுந்து, இந்த அம்மா இனி என் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாது என்றார். நீங்களாக வந்து கூப்பிடுகிற வரைக்கும் என் செருப்புக்கூட அந்தப் பக்கம் திரும்பாது என்றாள் சொர்ணத்தாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்றே தெரு. அந்த மூன்று தெருவைத் தாண்டிக் கோமதி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் அம்மாவைப் பார்க்க வருவாள், சுடலைமணி பைக்கை அணைக்காமலேயே வாசலில் உறுமவிட்டுக்கொண்டு நிற்பான், பேத்தி இலக்கியா ஒரு கை சேவை அள்ளிப் பாவாடையில் கட்டிக்கொள்வாள், நல்லா இருக்கியாடி என்றால் நல்லா இருக்கேம்மா என்பாள் கோமதி, அவ்வளவுதான், பைக் போய்விடும். போன பைக்கின் புகை அடங்குவதற்குள் சொர்ணத்தாய் கடைக்கு வந்தவர்களிடம், என் பிள்ளையை அந்த வீட்டில் மாடாக உழைக்கவைக்கிறார்கள் என்று சேவோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது இவ்வளவுதான். முதல் நாளே எல்லாருடைய கண்ணையும் அளந்து, அவரவர் கண்ணுக்கு என்ன பவரோ அந்த லென்ஸை டோக்கன் வரிசைப்படி எடுத்துவைத்துவிட்டார்கள். காலையில் எல்லாரும் பச்சை அங்கியும் பச்சைத் தொப்பியுமாக, யார் ஆண் யார் பெண் என்று தெரியாமல், ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் சொர்ணத்தாயின் டோக்கனைக் கூப்பிட, அவள் எழுந்திருக்க, அடுத்த டோக்கனை வைத்திருந்த ஆவுடையப்பன் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றார்.

"பொண்ணு வீட்டுக்காரி முன்னால போவாளாம், மாப்பிள்ளைக்கு அப்பன் பின்னால ஒக்காந்து வேடிக்கை பாக்கணுமாம். எந்த ஊரு நியாயம்மா இது?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"ஐயா, இது ஆபரேஷன். கல்யாண வீடு இல்ல."

"எங்கயா இருந்தா என்ன? மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

சொர்ணத்தாய்க்கு நாக்கு நுனியில் பத்து பதில் இருந்தது. ஆனால் இங்கே நாம் ஒன்று சொன்னால் அங்கே மகளின் தலையில் விடியும் என்று நினைத்தாள். கத்தி எப்படி இருக்கிறது என்று முதலில் இந்த ஆளே போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமே என்றும் நினைத்தாள். தன் டோக்கனை அவர் கையில் திணித்து, அவர் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பேரைக் கேட்கவேண்டிய நர்ஸ் அன்றைக்கு அந்த முறைப் பஞ்சாயத்தில் சலித்துப்போய் டோக்கனை மட்டும் பார்த்தாள். சொர்ணத்தாய்க்கு வைத்திருந்த லென்ஸ் ஆவுடையப்பன் கண்ணுக்குள் போனது, அவருக்கு வைத்திருந்தது அவள் கண்ணுக்குள் போனது.

மறுநாள் கட்டைப் பிரித்த டாக்டரம்மா சொர்ணத்தாயின் முகத்துக்கு நேரே விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டார். சொர்ணத்தாய் நேரே பார்த்தபடி, "ஃபேனு சுத்தாம நிக்குது, ஒரு எறக்கையில ஒட்டடை தொங்குது" என்றாள். அவள் பார்த்த திசையில் ஃபேன் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்த ஆவுடையப்பனின் தலைக்கு மேல்தான் இருந்தது. அவரோ கூரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு வெரலு. நகத்துல செவப்புச் சாயம்" என்றார்.

டாக்டரம்மா இரண்டு பேர் கண்ணிலும் விளக்கடித்துப் பார்த்தார். வெளிச்சம் பட்டால் கூசும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், பின்னால் லென்ஸின்மேல் படலம் படியலாம், அபூர்வமாக லென்ஸ் இடம் நகர்ந்துபோகலாம், இதெல்லாம் எங்கள் படிப்பில் உண்டு, சம்பந்தி தெரிவார் என்று எங்கேயும் இல்லை, ஆனால் பவர் மாறியது எங்கள் பிழைதான், புண் ஆறட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள், மாற்றி வைத்துவிடலாம் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆவுடையப்பன் முறைப்படி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வழி நெடுக வேடிக்கை பார்த்ததென்னவோ நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த சொர்ணத்தாய்தான்.

ஊருக்கு இதைப் புரிந்துகொள்ள அரைநாள்கூட ஆகவில்லை. பவர் மாறினால் அப்படித்தான் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார், எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஊர் கேட்டதெல்லாம் காரியத்துக்கு ஆகிற கேள்விகள். ஆவுடையப்பன் கோயிலில் சாமி முன்னால் நின்றால், கடையில் இருக்கிற சொர்ணத்தாய்க்கும் சாமி தெரியுமே, அந்தப் புண்ணியம் யாருக்கு என்று ஒருத்தர் கேட்க, கன்னத்தில் போட்டுக்கொண்ட கை யாருடையதோ அவருக்கு என்று அர்ச்சகர் தீர்ப்புச் சொன்னார். ஆவுடையப்பன் வீடு இருக்கிற மேலத் தெரு ஆட்கள் சேவு வாங்கக் கடைவரை வந்து காத்து நிற்பதை நிறுத்திவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆவுடையப்பன் முகத்துக்கு நேரே போய் நின்று, அரைக் கிலோ என்றால் பாதி விரலையும் ஒரு கிலோ என்றால் முழு விரலையும் காட்டிவிட்டு, நாக்கைத் தொங்கவிட்டு உஸ் உஸ் என்றால் காரம் தூக்கலாக என்று அர்த்தம், மெதுவாக நடந்து கடைக்குப் போனால் பொட்டலம் கட்டித் தயாராக இருக்கும்.

நாம் சம்பந்தகாரி கடைக்கு ஆர்டர் பிடிக்கிற ஆளாகிவிட்டோம் என்று தெரிந்ததும் ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலது கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தெருவில் நடந்தார். ரிட்டயர்டு கண்டக்டர் போகிற வருகிற பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று வார்டு உறுப்பினரிடம் புகார் போனது, அவர் மறுபடியும் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

குளிக்கிற விஷயத்துக்குத்தான் கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருந்தது. குளிக்கும்போதும், ஒதுங்கப் போகும்போதும், உடுத்து மாற்றும்போதும் இரண்டு பேரும் வலது கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று முடிவானது. தெருப் பெண்கள் சொர்ணத்தாயைச் சூழ்ந்துகொண்டு, இப்படி முடிவாவதற்கு முந்தின ஒரு வாரத்தில் ஏதாவது பார்த்தாயா என்று வாயைக் கிண்டினார்கள்.

"அதப் பாக்கத்தான் நான் தவங்கெடந்தேனாக்கும்? ஆனா ஒண்ணு சொல்லுதேன், அந்த ஆளு முதுகுக்கு சோப்பே போடுறதில்ல" என்றாள் அவள். அன்று சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கப் பரவி, ஆவுடையப்பனைத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு கணம் அவர் முதுகைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் நடந்த கண் முகாமில் புருஷன் பெண்டாட்டி யாரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரே வீட்டிலிருந்து போனவர்கள்கூட வேறு வேறு பஸ்ஸில் போனார்கள்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் சொர்ணத்தாய் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் மிதிக்காத வாசற்படிக்கு உள்ளே அவள் இப்போது தினமும் போய்வந்தாள். புரை எடுக்காத இடது கண் எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் இருக்கிற மாதிரிதான் எதையும் காட்டும், அதை வைத்துக்கொண்டு மாவைப் பிசைந்து, கரண்டியில் வைத்துத் தேய்த்து, எண்ணெய்ச் சட்டியில் சேவை இறக்கிவிடுவாள். வலது கண் மகள் வீட்டில் இருக்கும். மாடாக உழைக்கிற மகளைப் பார்க்கத்தான் அவள் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பார்த்தால், மகள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு செல்போனைத் தள்ளிக்கொண்டிருக்கிறாள், சம்பந்தி தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கிறார். கோமதி ஏதோ சொல்ல, பார்வை சட்டென்று கீழே இறங்கி அவருடைய கால் பெருவிரலில் போய் நிற்கிறது. திட்டு வாங்குகிறார்! ஊரை ஆட்டிவைத்த கண்டக்டர் மருமகளிடம் தலைகுனிந்து திட்டு வாங்குகிறார்! சொர்ணத்தாய் எண்ணெய்ச் சட்டி முன்னால் தனியாகச் சிரித்த சிரிப்பில் ஒரு ஈடு சேவு கருகிப்போனது.

சிரித்து முடித்தபிறகு கொஞ்சம் வலிக்கவும் செய்தது. கஷ்டப்படுகிற பிள்ளை என்றால் அம்மாவை நினைத்துக்கொள்வாள். இவள் எதற்கு நினைக்க வேண்டும்? ஆனாலும் இலக்கியாவுக்கு முன்பல் விழுந்ததை அவள் பார்த்தாள், குழந்தை நாக்கால் அந்த ஓட்டையைத் துழாவுவதைப் பார்த்தாள், வீட்டுப்பாடம் எழுதாமல் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டதைப் பார்த்தாள். தீபாவளி பொங்கல் என்றில்லாமல் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் பேத்தியைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

பிறகு அவள் இன்னொன்றையும் கவனித்தாள். சாயங்காலம் அடுப்பை அணைத்துவிட்டுக் கடை வாசலில் நின்று, மகள் வந்தால் எந்தத் திருப்பத்தில் வருவாளோ அந்தத் திருப்பத்தையே அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமான மறுநாளிலிருந்து இருக்கிற பழக்கம் அது. இப்போதெல்லாம் அவள் அப்படி நிற்க ஆரம்பித்த சற்று நேரத்துக்கெல்லாம், டீக்கடையில் இருந்தாலும் சரி, கோயிலில் இருந்தாலும் சரி, ஆவுடையப்பன் எழுந்து வீட்டுக்கு நடப்பார். போய் இலக்கியாவின் எதிரில் உட்கார்ந்துகொண்டு அசையாமல் அவளையே பார்ப்பார். குழந்தை நகர்ந்தால் அவர் தலையும் கூடவே நகரும். கோமதி அடுக்களையில் நின்றால் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அவளைப் பார்ப்பார். சொர்ணத்தாய் திருப்பத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே போகிறவரைக்கும் அவர் வேறெங்கும் கண்ணைத் திருப்பவில்லை. முதல் நாள் தற்செயல் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனதும் கடைக்கு வந்தவர்களிடம் அந்த ஆளை வைவதை நிறுத்திக்கொண்டாள்.

ஆறு வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா, லென்ஸை எடுத்து அவரவருக்கு உரியதை வைத்துவிடலாம், ஆனால் இன்னொரு தடவை கத்தி வைப்பதில் சிக்கலும் உண்டு, உங்கள் விருப்பம் என்றார். சொர்ணத்தாய் சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். முறைப்படி மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"கெடக்கு, இருந்துட்டுப் போவட்டும்" என்றார் ஆவுடையப்பன். "வயசான காலத்துல எதுக்குப் போட்டு நோண்டிக்கிட்டு? பழகிப்போச்சு."

இவ்வளவு நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்தது சொர்ணத்தாயின் வாய்தான், வேறு யாரும் இல்லை. கண்ணால் பார்த்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ள அவளுக்கு வரவில்லை. சேவு வாங்க வந்த மேலத் தெருக்காரியிடம், கோமதி சாம்பாருக்குப் பெருங்காயம் போட மறந்துவிட்டாள், போகிற வழியில் சொல்லிவிட்டுப் போ என்பாள். அடுத்து வந்தவளிடம் பிள்ளைக்குத் தலையைச் சிக்கெடுக்காமலே பின்னிவிட்டிருக்கிறாள் என்பாள். மாடியில் துணி கிடக்கிறது, மழை இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஓட்டமாக ஒருத்தி போய்ச் சொல்வாள். ஒவ்வொரு பொட்டலத்தோடும் மகள் வீட்டுக்கு ஒரு புத்திமதி போனது. கோமதி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள்.

ஒரு மத்தியானம் ஆவுடையப்பன் கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோது, அங்கே துவைக்கிற கல்லில் கோமதி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவர் உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டு கொய்யா மரத்தைப் பார்த்தார். ஆனால் சொர்ணத்தாய் பார்த்துவிட்டாள். கையிலிருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், நான் இத்தனை வருஷமாகச் சொன்னபோது நம்பினீர்களா, என் பிள்ளை அழுகிறாள், இந்தக் கண்ணால் பார்த்தேன் என்று ஓலமிட்டாள். ஊர் இப்படி ஒரு வேலைக்காகத்தான் காத்திருந்தது. பொழுது சாய்வதற்குள் சுடலைமணியின் சட்டையை நாலு பேர் பிடித்துவிட்டார்கள், வார்டு உறுப்பினர் வந்து கோமதியிடம், சொல்லு தாயி, யாரு அடிச்சா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

யாரும் அடிக்கவில்லை. அவள் எதற்கு அழுதாள் என்று ஊருக்கு இன்றுவரை தெரியாது. அன்றிரவு அவள் மாமனாருக்கு எதிரே வந்து நின்றாள், சொர்ணத்தாயின் வலது கண்ணுக்குள் முழு முகமாகத் தெரிந்தாள், உதடு மட்டும் அசைந்தது. அவர் கண் வழியே அம்மாவிடம்தான் பேசுகிறாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆபரேஷன் முடிந்து கொடுத்த பிளாஸ்டிக் மூடியின் ஓட்டைகளையெல்லாம் பிளாஸ்திரி போட்டு அடைத்து வைத்திருந்தாள், அதை எடுத்து அவர் கண்ணில் வைத்து அழுத்தினாள். சொர்ணத்தாயின் வலது கண் இருண்டது. பேசியது என்னவென்று, பக்கத்து வீட்டிலிருந்து கேட்டிருந்த மேலத் தெருக்காரி மறுநாள் வந்து சொன்னாள். "ஒரு பொம்பள தன் வீட்டுப் பின்கட்டுல ஒக்காந்து தனியா அழக்கூடக் கூடாதாம்மா? இனி வீட்டுக்குள்ள நொழையும்போது இந்த மூடிய மாட்டிக்கிட்டுத்தான் மாமா நொழையணும்."

அதற்கப்புறம் வலது கண்ணில் டீக்கடை தெரிந்தது, பஸ் ஸ்டாண்டு தெரிந்தது, வெறும் தெரு தெரிந்தது, அவர் வீட்டுப் படியில் கால் வைத்தால் இருட்டு வந்தது. சாயங்காலம் அவள் திருப்பத்தைப் பார்த்து நிற்பாள், அவர் எழுந்து போவார், உள்ளே நுழைவார், இருட்டு. நடுவில் ஒரு நாள் லென்ஸை மாற்றிவிடலாம் என்றுகூட நினைத்தாள். மகள் அழுகிற வீட்டை ஊருக்குத் திறந்து காட்டியது லென்ஸ் இல்லையே, நாம்தானே என்று தோன்றியபோது அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மாவு ஒட்டிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் மேலத் தெருவைப் பார்த்து நடந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

கடைசித் தெருவுக்குள் திரும்பியபோது வலது கண்ணிலும் ஒரு தெரு தெரிந்தது. அதன் கோடியில் ஒரு கிழவி வந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் சாய்ந்து, காலைத் தேய்த்துத் தேய்த்து, தோள்சேலை நழுவுவதுகூடத் தெரியாமல் வந்தாள். யார் இது, பாவம், வீட்டில் பார்க்க ஆளில்லாத மனுஷி போல என்று நினைத்த சொர்ணத்தாய், சேலையில் மாவுக் கறையைப் பார்த்தபிறகுதான் அது தான் என்று தெரிந்துகொண்டாள். இத்தனை நாளும் தன்னை நிமிர்ந்து நடக்கிற, நாலு பேரை அதட்டுகிற ஆளென்றே அவள் நினைத்திருந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பன் அந்தக் கிழவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் நெருங்க நெருங்கக் கிழவி பெரிதானாள், நெற்றிச் சுருக்கம் தெரிந்தது, கன்னத்து எலும்பு தெரிந்தது, திடீரென்று எல்லாம் தண்ணீருக்குள் போன மாதிரி கலங்கியது.

லென்ஸ் நகர்ந்துவிட்டதோ என்று பயந்துபோய் வலது கண்ணைத் துடைத்துப் பார்த்தாள். கண் காய்ந்து கிடந்தது. இடது கண்ணால் எதிரே பார்த்தாள். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் ஆவுடையப்பனின் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது.

"சொட்டு மருந்து ஊத்துனேன். எரியுது" என்றார் ஆவுடையப்பன்.

"மருந்து பாட்டில் வாரத நான் பாக்கலையே அண்ணாச்சி" என்றாள் சொர்ணத்தாய்.

அவர் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டு உள்ளே பார்த்து, "ஏ கோமதி, ஒங்கம்மா வந்திருக்காக" என்று குரல் கொடுத்தார்.

கோமதி ஈரக் கையோடு வந்து நிலையில் நின்றாள். ஆவுடையப்பனும் அவளையே பார்க்க, சொர்ணத்தாய்க்கு இரண்டு கண்ணிலும் மகள் ஒருத்தியே தெரிந்தாள், ஒன்றில் தெளிவாக, ஒன்றில் புகைபோல.

"நான் வாயத் தொறந்திருக்கக் கூடாதுடி" என்றாள்.

"தெரியுதுல்லா? ஒன்னால வாயக் கட்ட முடியாது, அது எனக்கும் தெரியும்" என்றாள் கோமதி. அவள் கோபம் போகவில்லை, அது குரலிலேயே இருந்தது. ஆனால் அவள் நிலையிலிருந்து ஒதுங்கி வழிவிட்டாள். "பாக்கணும்னா உள்ள வந்து பாரு. ஊருக்குச் சொல்லுற மாதிரி பாக்காத, அவ்வளவுதான்."

உள்ளே போக எழுந்த ஆவுடையப்பன், மருமகளின் சட்டப்படி சட்டைப் பையிலிருந்து மூடியை எடுத்துக் கண்ணில் ஒட்டிக்கொண்டார். சொர்ணத்தாயின் வலது கண் இருண்டது. அவள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த தன் மங்கல் கண்ணை மகள்மேல் வைத்துக்கொண்டு, தடவித் தடவிப் படியேறினாள்.